கலிப்சோ: ஒரு மரக்கப்பலின் 54 ஆண்டு ஓட்டமும் 20 ஆண்டுக் காத்திருப்பும்

எங்கள் ஊர்க் கரையில் ஒரு பழைய மர லோஞ்ச் கரையேற்றிக் கிடக்கிறது. தீவுகளுக்குச் சனத்தையும் சாமானையும் ஏற்றி இறக்கிய லோஞ்ச். எஞ்சின் பழுதானதும், திருத்தி மறுபடி ஓட விடுவோம் என்று சங்கத்தில் பேசி முடிவெடுத்தோம். நீலப் படங்கு ஒன்றை வாங்கி மூடிக் கட்டினோம். அதோடு சரி. ஆறு மாரி போய்விட்டது. கடைசியாகக் கூடியபோது மூன்று கட்சியாகப் பிரிந்து நின்றோம். வெட்டி விறகுக்குக் கொடுப்போம் என்றவர்கள் ஒரு பக்கம். பழையபடி சனம் ஏற்றவேண்டும் என்றவர்கள் இன்னொரு பக்கம். பிள்ளைகளுக்கு நீச்சலும் சுழியோடலும் பழக்குகிற படகாக மாற்றலாம் என்ற இளம் ஆட்கள் மூன்றாம் பக்கம். சங்கத்தின் செயலாளர் நான். முடிவெடுக்க முதல், இதேபோல வேலை மாறி மாறி ஓடிய ஒரு மரக்கப்பலுக்கு என்ன நடந்தது என்று முழுதாக எழுதித் தருகிறேன் என்று பொறுப்பெடுத்தேன். அந்த எழுத்துத்தான் இது.

எத்தனையோ கப்பல்கள் இருக்கக் கலிப்சோவை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கடலட்டைக்குச் சிலிண்டர் கட்டிச் சுழியோடுகிற பெடியள் எத்தனையோ பேர். மூச்சை இழுக்கும்போது மட்டும் தேவையான அளவு காற்றைத் திறந்துவிடுகிற வால்வு ஒன்றை அவர்கள் வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். 1943இல் பிரான்சில் அதைச் சரிவர உருவாக்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் எமில் காஞான் என்ற பொறியியலாளர். மற்றவர் ஜாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரி. அந்த வால்வோடு கூஸ்தோ உலகத்தின் கடல்களெல்லாம் சுற்றிய கப்பல் கலிப்சோ. எங்கள் பெடியளின் தொழிலுக்கு அது தூரத்துச் சொந்தம் என்றே நான் நினைக்கிறேன்.

கடற்படையில்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், சியாட்டிலில், பலார்ட் மரைன் ரயில்வே என்ற தளத்தில் 1941 ஓகஸ்ட் 12ஆம் திகதி கலிப்சோவுக்கு ஏரா, அதாவது அடியில் ஓடுகிற முதுகெலும்பு மரம், வைத்தார்கள். 1942 மார்ச் 21ஆம் திகதி தண்ணீரில் இறக்கினார்கள். உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம் அது. ஆனாலும் உடம்பு முழுக்க மரம். ஒரிகன் பைன் என்ற மரத்தின் பலகைகள். இரும்பு வாங்க வழியில்லாமல் மரத்துக்குப் போகவில்லை. ஜெர்மானியர் கடலடியில் காந்தக் கண்ணிகளைப் போட்டிருந்தார்கள். இரும்புக் கப்பல் ஒன்று மேலே போனால் அந்த இடத்தின் காந்தப்புலம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றம் போதும், கண்ணி வெடிக்கும். ஆகவே கண்ணி வாரப் போகிற கப்பல் மரத்தில் இருக்கவேண்டும். மரக்கலம் கட்டுகிற ஓடாவியின் கைவேலைக்கு அந்தப் போரில் இப்படி ஒரு இடம் இருந்தது என்பதை நான் இதைத் தேடும்போதுதான் அறிந்தேன்.

நீளம் ஏறக்குறைய 42 மீட்டர். அகலம் ஏழரை மீட்டருக்குச் சற்றுக் கூட. தண்ணீருக்குள் மூன்று மீட்டர் ஆழம். 580 குதிரைவலு கொண்ட ஜெனரல் மோட்டர்ஸ் டீசல் எஞ்சின் இரண்டு, சுழலி இரண்டு. வேகம் 10 நொட். பெரிய வேகம் இல்லைத்தான். ஆனால் கண்ணி வாருகிற கப்பலுக்கு அவசரம் உதவாது. நேராகவும் ஆறுதலாகவும் போகவேண்டும், நினைத்த இடத்தில் திரும்பவேண்டும். இந்தக் குணம் பின்னால் வேறு வேலைக்குப் பயன்பட்டது.

அமெரிக்கா இந்தக் கப்பலைப் போர்க்கால உதவியாகப் பிரித்தானியாவுக்குக் கொடுத்தது. 1943 பெப்ரவரியில் பிரித்தானியக் கடற்படையில் ஜே-826 என்ற இலக்கத்தோடு சேர்ந்து, மத்தியதரைக் கடலில் மோல்டாவைத் தளமாக வைத்து ஓடியது. 1944இல் இலக்கம் மாறியது. போர் முடிந்ததும் மோல்டாவிலேயே கட்டிப்போட்டார்கள். 1947இல் கடற்படைப் பதிவிலிருந்து நீக்கினார்கள். அதுவரை அதற்கு ஒரு பெயரே இல்லை, வெறும் இலக்கம்தான்.

தீவுச் சேவையில் கிடைத்த பெயர்

மோல்டாவுக்குப் பக்கத்தில் கோசோ என்று ஒரு சின்னத் தீவு. யாழ்ப்பாணத்தில் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகிற மாதிரித்தான் அங்கேயும். சனம், தபால், வாகனம் எல்லாம் கடல் கடந்துதான் போகவேண்டும். 1949இல் மோல்டா வணிகர் ஒருவருக்குத் தபால் ஏற்றும் ஒப்பந்தம் கிடைத்தது. கட்டிப்போட்டிருந்த இந்தக் கண்ணிவாரியை வாங்கி, சனமும் காரும் ஏற்றுகிற படகாக மாற்றினார். ஒடிசியஸை ஏழு ஆண்டு மறித்து வைத்திருந்த கலிப்சோ என்ற தேவகன்னியின் தீவு இதுதான் என்று கோசோச் சனம் சொல்வார்கள். அந்தக் கன்னியின் பெயரைக் கப்பலுக்கு வைத்தார்கள். எங்கள் கடலில் அம்மன் பெயரிலும் மாதா பெயரிலும் ஓடுகிற லோஞ்சுகளைப் போல.

அந்தச் சேவை நான்கு மாதம்தான் நீடித்தது. நல்ல விலை வந்ததும் வணிகர் விற்றுவிட்டார். இந்த நான்கு மாதத்தைப் பலரும் ஒரு வரியில் தாண்டிப்போவார்கள். எனக்கு அது முக்கியம். கடற்படை கைவிட்ட கப்பலுக்கு உடனே ஒரு கூலிவேலை கிடைத்தது. எஞ்சின் ஓடியது, தளம் கழுவப்பட்டது, பலகைச் சந்துகளை யாரோ பார்த்தார்கள். இல்லாவிட்டால் 1950இல் அதை வாங்க வந்தவர்கள் மோல்டாத் துறைமுகத்தில் ஒரு மரக்குவியலைத்தான் பார்த்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

ஒரு பிராங் வாடகையும் விற்ற நகைகளும்

1950 ஜூலையில் கலிப்சோவை வாங்கியவர் லோயல் கினஸ், முன்னாள் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர், செல்வந்தர். வாங்கிய கையோடு கூஸ்தோவுக்கு வாடகைக்குக் கொடுத்தார். வாடகை ஆண்டுக்கு ஒரு பிராங். இந்த ஒரு பிராங்கை வாசிப்பவர்கள் மறக்கவேண்டாம். கொடையாக எழுதிக் கொடுக்கவில்லை. விற்கவும் இல்லை. வாடகைதான். இரண்டு நல்ல மனிதர்களுக்கு இடையில் அது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. அவர்களுக்குப் பின் வந்தவர்களுக்குத்தான் வழக்கானது.

பிரான்சின் தென்கரையில் அந்தீப் என்ற ஊரில் மாற்றவேலை நடந்தது. கப்பல் சும்மா கிடைத்தாலும் அதை மாற்றக் காசு வேண்டுமே. கூஸ்தோவின் மனைவி சிமோன் தன் குடும்ப நகைகளை விற்றார். இதை எழுதும்போது எனக்கு எங்கள் வீடுகள்தான் நினைவில் வந்தன. எஞ்சின் வாங்கவும் வலை வாங்கவும் பெண்களின் காதும் கழுத்தும் வெறுமையான வீடுகள் எங்கள் கரையில் எத்தனை! சிமோன் நகையைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கவில்லை. கூஸ்தோவைவிடக் கூட நாட்கள் கப்பலில் இருந்தவர் அவர். மாலுமிகள் அவரை 'இடைச்சி' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லால் கூப்பிட்டார்கள். மந்தையை மேய்ப்பவள். அவர் 1990இல் இறந்தார். அதற்குப் பின்னால் கப்பலுக்கு வந்த கேடுகளைப் பார்க்கும்போது, பலகைக்குப் பக்கத்தில் நாளாந்தம் இருந்த ஒரு ஆளை அந்தக் கப்பல் 1996 விபத்துக்கு ஐந்து ஆண்டு முன்னமே இழந்துவிட்டது என்று தோன்றுகிறது.

இனி மாற்றம். இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லவேண்டும், எங்கள் பிள்ளைகள் கேட்கிற மாற்றத்துக்கு இது நேரே உதவும்.

அணியத்தில், தண்ணீரை வெட்டிப் போகிற அந்த முனைக்கு முன்னால், ஒரு இரும்புக் குழாயைச் செங்குத்தாகப் பொருத்தினார்கள். அதன் அடியில், நீர்மட்டத்துக்கு ஏறக்குறைய மூன்று மீட்டர் கீழே, கண்ணாடிச் சாளரங்கள் வைத்த ஒரு சிறு அறை. ஆள் குழாய்க்குள் இறங்கி, சாளரத்தில் முகத்தை வைத்து, ஓடுகிற கப்பலுக்கு முன்னே என்ன நீந்துகிறது என்று பார்க்கலாம், படம் எடுக்கலாம். 'பொய்மூக்கு' என்று அதற்குப் பெயர். கப்பலின் பலகைகளையோ ஏராவையோ வெட்டாமல் முன்னால் ஒட்டவைத்த மூக்கு. இதைச் சொன்னபோது எங்கள் ஓடாவி அப்பு, "அது கெட்டிக்காரன் செய்த வேலை, ஏராவில கை வைக்கேல்லை" என்றார்.

ஒரு இடத்தில் மட்டும் அடிப்பக்கத்தைத் துணிந்து திறந்தார்கள். கப்பலின் நடுவிலே கிணறு போல ஒரு துவாரம். வெளியே அலை அடித்தாலும் சுழியோடிகள் உள்ளிருந்தபடியே அதன் வழியாகக் கடலில் இறங்கலாம். இப்படி ஒரு கிணறு வைத்தால் சுற்றிலும் நீர் புகாமல் அடைப்பு நிற்கவேண்டும், இல்லாவிட்டால் கப்பலே போய்விடும். எங்கள் லோஞ்சுக்கு இது சரிவராது. அதன் வங்குகள், பலகைகளைத் தாங்குகிற விலா மரங்கள், அவ்வளவு நெருக்கமில்லை. பொய்மூக்கு மாதிரி வெளியே ஒட்டுகிற வேலை ஏதாவது சரிவரலாம்.

கடையாரில், அதாவது கப்பலின் பின்பக்கம், பாரந்தூக்கி வைத்தார்கள். 1959இல் இரண்டு பேர் உட்கார்ந்து 350 மீட்டர் ஆழம் போகக்கூடிய தட்டு வடிவ நீர்மூழ்கி ஒன்று வந்தபோது, அதைத் தூக்கி இறக்க அந்தப் பாரந்தூக்கிதான் கைகொடுத்தது. பிறகு ஒரு சின்ன ஹெலிகொப்டர் இறங்குகிற மேடையும் வந்தது. கண்ணி வாருவதற்கான பெரிய வெட்டைத் தளமும், மெல்ல நேராகப் போகிற குணமும் இருந்ததால்தான் இவ்வளவையும் ஏற்ற முடிந்தது. போர்க்கால வேலைக்கு வைத்த உடம்பு ஆய்வு வேலைக்கும் பொருந்திவந்தது. ஒரு கலத்தை மாற்றும்போது அதன் பழைய குணத்தைத் தெரிந்து, அதோடு ஒத்துப்போகிற புது வேலையைக் கொடுத்தார்கள். நான் படித்தவற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

உழைத்துச் சாப்பிட்ட கப்பல்

1951 இறுதியில் செங்கடலுக்கு முதல் பயணம். 1952இலிருந்து மார்செய் துறைமுகத்துக்கு அருகே கிரான் கொங்லுவே தீவின் அடியில் கிடந்த பழங்கால மரக்கலத்தைத் தோண்டினார்கள். வைன் நிரப்பி ஏற்றிய மண்சாடிகள் ஆயிரக்கணக்கில் மேலே வந்தன. சிலிண்டர் கட்டிய சுழியோடிகள் செய்த முதல் பெரிய கடலடி அகழாய்வுகளில் அது ஒன்று.

அது பெருமைக்குரிய வேலை. சோறு போட்ட வேலை வேறு. 1954இல் பாரசீக வளைகுடாவில், அபுதாபிக் கரைக்கு அப்பால், பின்னாளில் பி.பி. என்று ஆன எண்ணெய் நிறுவனத்துக்காக இதே சுழியோடிகள் கடலடிப் பாறையை உடைத்து மாதிரி எடுத்துக் கொடுத்தார்கள். அந்தக் கூலியில்தான் கப்பல் மேலும் ஓடியது. நேஷனல் ஜியோகிராபிக் சங்கமும் உதவியது. 1956இல் இந்தக் கப்பலில் எடுத்த கடலடிப் படம் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் உயர் விருதைப் பெற்றது. ஒரு ஆவணப்படம் அதை வென்றது அதுவே முதல் தடவை. 1960களின் பின்பாதியிலிருந்து தொலைக்காட்சித் தொடர்கள் வந்தன.

கான் விருது பெற்ற அந்தப் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. பவளப்பாரில் வெடி வைத்து, செத்து மிதக்கிற மீன்களை எண்ணுகிறார்கள். வெடி அடித்துப் பிடித்தால் பார் எப்படிச் செத்துப்போகும் என்று எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கூஸ்தோவை மதிக்கிற நான் அதை மறைத்து எழுத மாட்டேன். அதே மனிதர் 1960இல் மத்தியதரைக் கடலில் அணுக்கழிவு கொட்டுவதற்கு எதிராக நின்றார், பிறகு வாழ்நாள் முழுக்கக் கடலைக் காக்கவேண்டும் என்று பேசினார். அந்த மாற்றமும் இதே தளத்தில் நின்றபடிதான் நடந்தது.

1972-73இல் இந்த மரக்கப்பலை அண்டார்டிக்காவுக்கே கொண்டுபோனார்கள். அங்கே ஹெலிகொப்டரின் பின்சுழலி பட்டு கப்பலின் அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். 1975இல் கிரேக்கக் கடலில், முதல் உலகப் போரில் மூழ்கிய பிரித்தானிக் என்ற பெரிய மருத்துவக் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். அது டைட்டானிக்கின் தங்கைக் கப்பல். 1982-83இல் அமேசன் ஆறு. இப்படி 45 ஆண்டு. ஒரு பருவம் எஞ்சின் வேலை, இன்னொரு பருவம் பலகை வேலை, பிறகு மறுபடி கடல்.

வேலை மாறி வாழ்ந்த கலங்கள் எங்களுக்குப் புதிதல்ல. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் றொபின்சன் விலைக்கு வாங்கி, தன் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அது கடல்களைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. நெடுந்தீவுக் கடலில் சனம் ஏற்றி ஓடிய குமுதினி என்ற படகை எடுங்கள். 1985 மே 15 அன்று அதில் நடந்த படுகொலையை அந்தத் தீவுச் சனம் மறக்காது. அதே படகு மறுபடி அதே சனத்தை ஏற்றி அதே கடலில் ஓடியது. ஒரு கலத்தை வெறும் பலகை என்று எங்கள் சனம் ஒருநாளும் பார்த்ததில்லை.

சிங்கப்பூர், 1996

1996 ஜனவரி 8ஆம் திகதி சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு பாரப்படகு தவறுதலாக மோதி, கலிப்சோ மூழ்கியது. அதே மாதம் 16ஆம் திகதி பெரிய பாரந்தூக்கி கொண்டு தூக்கினார்கள். ஓட்டையை அடைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். பிறகு பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள்.

கலிப்சோ எப்படிப் போனது என்று யாரைக் கேட்டாலும் இந்த விபத்தைத்தான் சொல்வார்கள். நானும் தொடங்கும்போது அப்படித்தான் நினைத்தேன். ஆனால் திகதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது அந்த எண்ணம் நிற்கவில்லை. எட்டு நாள் உப்புத்தண்ணீருக்குள் கிடந்த கப்பல் அது. அதன் வேலையே உப்புத்தண்ணீருக்குள் இருப்பதுதான். மோதிய இடத்தில் பலகை உடைந்தது, எஞ்சினும் மின்கம்பிகளும் கெட்டன. ஆனால் ஏராவும் வங்கும் அன்றே செத்துப்போகவில்லை. அந்த ஆண்டே ஒரு தளத்தில் ஏற்றி வேலையைத் தொடங்கியிருந்தால், அது திருத்தக்கூடிய கப்பலாகத்தான் இருந்திருக்கும் என்பது என் முடிவு.

கூஸ்தோவுக்கு அப்போது 85 வயது. கலிப்சோ இரண்டு என்ற பெயரில் ஒரு புதுக் கப்பல் கட்டவேண்டும் என்பதில் அவர் மனம் போனது. அந்தக் கப்பல் கட்டப்படவே இல்லை. 1997 ஜூன் 25ஆம் திகதி அவர் இறந்தார்.

கரையில் 20 ஆண்டு

1998இல் கலிப்சோவை லா ரொஷெல் நகருக்கு இழுத்துப்போனார்கள். கடல்சார் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கும் எண்ணம். ஆனால் கப்பல் யாருடையது? ஒரு பக்கம் கூஸ்தோவின் இரண்டாம் மனைவி தலைமை தாங்கிய கூஸ்தோ சங்கம். மறுபக்கம் கினஸின் வாரிசு. ஆண்டுக்கு ஒரு பிராங் என்ற பழைய வாடகை இங்கேதான் பூதமாக எழுந்தது. வழக்குத் தீரும்வரை திருத்த யாராலும் முடியவில்லை. துறையில் கட்டியபடியே கப்பல் உக்கத் தொடங்கியது. 2004இல் ஒரு பெரிய உல்லாசக் கப்பல் நிறுவனத்துக்கு ஒரு யூரோவுக்கு விற்றதாகவும், பகாமாசில் காட்சிக்கு வைக்கப் போவதாகவும் செய்தி வந்தது. அதுவும் நடக்கவில்லை. ஒரு பிராங்கில் தொடங்கிய கதை ஒரு யூரோவிலும் தீரவில்லை.

2007 ஒக்டோபரில் பிரித்தனிப் பகுதியில் கொங்கார்னோ என்ற ஊரின் தளம் ஒன்றுக்கு எடுத்துப்போனார்கள். வேலை தொடங்கியது. பலகைகளைக் கழற்றி, வங்குகள் தெரிய ஒரு கொட்டகைக்குள் நிறுத்தினார்கள். 2009இல் வேலை நின்றது. தளத்துக்கும் சங்கத்துக்கும் செய்த வேலை பற்றியும் கூலி பற்றியும் பிணக்கு. 2014 டிசெம்பரில் நீதிமன்றம், 2 இலட்சத்து 73 ஆயிரம் யூரோவைக் கட்டி, கப்பலை எடுத்துப்போகும்படி சங்கத்துக்குத் தீர்ப்புச் சொன்னது. 2015 மார்ச்சில் அந்தத் தவணையும் தாண்டியது. பிறகு ஒரு இணக்கம் வந்து, 2016இல் இன்னொரு கப்பலின் தளத்தில் ஏற்றித் துருக்கிக்குக் கொண்டுபோனார்கள். 2017 செப்டெம்பரில் இஸ்தான்புல்லுக்கு அருகே அந்தத் தளத்தில் தீப்பிடித்து, கப்பலுக்குப் பலத்த சேதம்.

இந்தப் பட்டியலில் கெட்டவன் என்று யாரையும் காட்ட முடியாது. அருங்காட்சியகம் விரும்பியது. சங்கம் விரும்பியது. வாரிசு விரும்பினார். கப்பல் கட்டுகிற தளமும் பெருமையாகத்தான் பொறுப்பெடுத்தது. எல்லாரும் அந்தக் கப்பலை நேசித்தார்கள். இந்தப் பலகையைக் கழற்று, அந்தக் காசைக் கட்டு என்று சொல்லக்கூடிய ஒரு ஆள் இருக்கவில்லை. சிமோன் இருந்த காலத்தில் அப்படி ஒரு ஆள் கப்பலிலேயே படுத்தெழும்பினார்.

படங்கின் கீழே

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு ஓடாவி அப்புவைக் கூட்டிக்கொண்டு எங்கள் லோஞ்சடிக்குப் போனேன். அவருக்கு எண்பது வயதாகிறது. கை நடுங்கினாலும் சுத்தியல் பிடித்தால் நடுக்கம் நின்றுவிடும். படங்கின் ஒரு மூலையை அவிழ்த்துத் தூக்கினோம். உள்ளேயிருந்து வெக்கையும் ஊறின மரத்தின் புளிச்ச மணமும் முகத்தில் அடித்தன. படங்கின் உட்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். வெளியே ஒரு கிழமையாக மழையே இல்லை.

அப்பு ஒன்றும் பேசாமல் கடையாரிலிருந்து தொடங்கினார். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு பலகையையும் இரண்டு தரம் தட்டி, காதைச் சரித்துக் கேட்டார். 'டக்' என்று இறுகிய சத்தம் வந்தால் தாண்டிப்போனார். 'பொத்' என்று வந்தால் நின்று, பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்து, வெள்ளைச் சோக்கால் குறுக்குக்கோடு போட்டார். தளத்துப் பலகை ஒன்றில் நகம் பாண் துண்டுக்குள் போவது போல முழுதாக இறங்கியது. சுற்றி முடிய ஒன்றரை மணித்தியாலம். நான் கோடுகளை எண்ணினேன். மொத்தம் 23. அதில் 19 நீர்மட்டத்துக்கு மேலே, தளத்திலும் விளிம்பிலும். கீழ்ப்பலகையில் நான்குதான். அந்த நான்கும், பலகைச் சந்தை அடைக்கிற கலப்பத்துப் பஞ்சு காய்ந்து விழுந்து, சந்து திறந்த இடங்கள்.

"பிள்ளை, உப்புத்தண்ணி மரத்தைத் தின்னாது. மழைத்தண்ணிதான் தின்னும்," என்றார் அப்பு. "நீங்கள் படங்கைப் போட்டு இறுக்கிக் கட்டினியள். மேல காத்து இல்லை, கீழ ஈரம் இல்லை. மேல்பலகை உக்கும், கீழ்ப்பலகை காய்ஞ்சு சந்து விடும். வேற என்ன நடக்கும்?"

அதன் விளக்கம் இதுதான். மரத்தை உக்கவைப்பது ஒருவகைப் பூஞ்சை. அதற்கு நன்னீரின் ஈரமும் காற்றோட்டமில்லாத வெக்கையும் வேண்டும். உப்பு ஏறின மரத்தில் அது எளிதில் வளராது. ஓடுகிற காலத்தில் கடல்நீரால் தளத்தைக் கழுவுவதே ஒரு மருந்து. மரத்தைத் துளைக்கிற கடற்புழு வேறு விஷயம். அதற்கு அந்தக் காலத்தில் சுறா எண்ணெயும் குங்கிலியமும் பூசினார்கள். ஆனால் எங்கள் லோஞ்சைத் தின்றது புழு அல்ல. கலிப்சோ துறையில் கட்டிக் கிடந்த ஆண்டுகளில் அதன் தளத்தில் விழுந்ததும் மழைதான். அதைக் கழுவித் துடைக்க மாலுமிகள் இருக்கவில்லை.

கிளம்ப முதல் அப்பு ஏராவைத் தட்டினார். இரண்டு தரம் அல்ல, நாலைந்து தரம், முன்னும் பின்னும். பிறகு என்னைக் கூப்பிட்டு என் காதையும் வைக்கச் சொன்னார். சுத்தியல் பட்ட சத்தம் அந்த மரத்துக்குள்ளால் ஓடி மறுமுனையில் கேட்டது. "இலுப்பை," என்றார். "இது இன்னும் நிக்கும்."

இரண்டு கிழமை கழித்துக் கூட்டத்தில் இதை வாசித்தேன். கேள்விகள் நிறைய வந்தன. கலிப்சோவைப் போல வேலை மாற்றுவது என்றால் ஆய்வுக்கப்பலாக்கும் என்று யாரோ பயந்தார். சனம் ஏற்றுகிற அனுமதி இனிக் கிடைக்காது, ஆகவே பிள்ளைகளுக்குப் பழக்குகிற படகுதான் சரி என்பதில் கடைசியில் முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். விறகுக் கட்சியில் இருந்த இரண்டு பேர், மாற்றவேண்டிய 19 பலகைக்கான மரத்தில் பாதியைத் தாங்கள் தருவதாகச் சொன்னார்கள். எதிர்பாராத இடத்திலிருந்து வந்த உதவி அது.

கூட்டக் குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறோம். படங்கை அன்றே கழற்றுவது. நாலு பக்கமும் திறந்தபடி கிடுகுக் கூரை போடுவது. லோஞ்ச் சங்கத்தின் உடைமை என்று எழுத்தில் பதிவது, தனி ஆள் எவரும் அதில் உரிமை கோர முடியாது. எந்தப் பலகையை எப்போது மாற்றுவது, எந்தக் காசை எதற்குச் செலவழிப்பது என்ற முடிவு ஒரே ஆளின் கையில். அந்த ஆள் ஊரில் இருப்பவராக, வாரத்துக்கு ஒரு தரமாவது லோஞ்சடிக்குப் போகிறவராக இருக்கவேண்டும். இப்போதைக்கு அது ஓடாவி அப்புவின் மகள். அப்பாவோடு பஞ்சு திரித்துக் கலப்பத்துப் பார்த்தவர்.

கிடுகுக் கூரை போட்டாயிற்று. சுழியோடுகிற பெடியள் காலையில் தொழிலுக்குப் போக முதல் ஆளுக்கு இரண்டு வாளி கடல்தண்ணீர் அள்ளிக் கீழ்ப்பலகைகளில் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். திறந்த நான்கு சந்தில் இரண்டு மூடிவிட்டது.